மூணு போட்டுக்குங்க

இரும்புக்கும் வலிக்கும் என்று மருதாசலம் ரொம்ப காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கோயமுத்தூரில் இஞ்சின் கட்டுகிறவர்கள் இப்படி எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். கேட்கிறவர்களும் சரிங்க, சரிங்க என்று தலையாட்டிவிட்டு டீயைக் குடித்து முடித்துக் கிளம்பிவிடுவார்கள்.

அவருடைய தலைவலிக்குப் பெயர் பூஸ்ட். டர்போ என்பது வேறொன்றுமில்லை, வெளியே போகிற புகையின் வேகத்திலேயே ஒரு விசிறியைச் சுழலவிட்டு, அந்தச் சுழற்சியில் காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் திணிக்கிற சமாச்சாரம். திணிக்கிற அழுத்தம்தான் பூஸ்ட். நம்மைச் சுற்றியிருக்கிற காற்றின் அழுத்தத்தை ஒரு பார் என்று வைத்துக்கொண்டால், சாதாரணக் கார் இஞ்சினுக்கு அதற்கு மேல் இன்னொரு பார் திணித்தாலே போதும், நன்றாகப் பறக்கும். மருதாசலத்துக்கு எட்டு வேண்டியிருந்தது.

ஆசைப்பட்டு அல்ல. வெள்ளமும் வெயிலும் துரத்தியதில் வடக்கே ஜனங்கள் மலைமேல் ஏறிக் குடியிருக்க ஆரம்பித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அங்கே காற்று அரைவாசிதான். குளிரில் பேட்டரி செத்துவிடும். ஒரு ஆபரேஷன் தியேட்டரையே முதுகில் தூக்கிக்கொண்டு கணவாய் ஏறுகிற ஆஸ்பத்திரி வண்டி வேண்டும், அதற்குச் சின்னதாக, எடை குறைவாக, முரட்டுத்தனமாக ஒரு இஞ்சின் வேண்டும். அதைக் கட்டித்தருகிறேன் என்று மருதாசலம் வாக்குக் கொடுத்துவிட்டார்.

கொடுத்துவிட்டு முழித்தார். ஹெட் போல்ட்டைத் தடிமனாக்கினால் கேஸ்கட் ஊதிக்கொண்டு போயிற்று. கேஸ்கட்டைச் செம்பில் போட்டால் பிஸ்டன் உடைந்தது. பிஸ்டனைச் சம்மட்டியில் அடித்துச் செய்து போட்டால் கனெக்டிங் ராடு வளைந்தது. ராடையும் மாற்றினால் கடைசியில் இஞ்சினின் உடம்பான பிளாக்கே பிளந்தது. ஒன்றைப் பலப்படுத்தினால் அடுத்தது உடைகிறது, அவ்வளவுதான் கதை. உடைவதற்கு முன்னால் ஒரு முனகல் கிடையாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், அடுத்த நொடி இரும்புத் துண்டு சுவரில் குத்தி நிற்கும்.

இந்தச் சமயத்தில்தான் லில்லி பாக்கியம் வந்தாள். நாகர்கோவில்காரி, நரம்பு ஆராய்ச்சி செய்கிறவள். பட்டறையில் கிடந்த உடைந்த பிளாக்குகளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் தடியாக்கிட்டே போறீங்க சார். உடம்பு அப்படியா இருக்கு?" என்றாள்.

"எப்படி இருக்குது?"

"கால் எலும்பு ஒண்ணும் பெரிய பலம் இல்லை, பாத்துக்கிடுங்க. ஆனா ஒடையறதுக்கு முன்னால வலிக்கும்லா. வலிச்சா நாம காலை எடுத்துருவோம். உங்க இஞ்சினுக்கு வலி தெரியாது. அதான் செத்துச் செத்துப் போவுது."

மருதாசலத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை காலம் கழித்து ஒருத்தி அவர் பாஷையைப் பேசுகிறாள்.

லில்லி செய்தது இதுதான். முடியைவிட மெல்லிய, நரம்பு மாதிரி உணர்கிற இழைகளை வலைபோல் பின்னி, பிளாக்கை வார்க்கும்போதே உலோகத்துக்குள் புதைத்தாள். எங்கே இழுக்கிறது, எங்கே கொதிக்கிறது, எங்கே விரிகிறது என்று இழைகள் சொல்லும். சொன்னது போதாமலில்லை, அளவுக்கு மேல் சொல்லின. எது வெறும் உழைப்பு, எது காயம் என்று பிரித்துப் பார்க்க இயந்திரத்துக்குத் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொடுக்க ஒரு மனுஷ உடம்பு வேண்டும். நிஜமாகவே வலியில் இருக்கிற ஒருவரின் நரம்பு என்ன சொல்கிறது, அதே நேரம் அவர் வாய் எத்தனை என்று சொல்கிறது, இரண்டையும் சேர்த்துப் பதிய வேண்டும். வலி இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாதென்றால் பத்து.

வலியில் இருக்கிற ஒருவரை மருதாசலம் தேடிப்போக வேண்டியிருக்கவில்லை. அவர் மனைவி கோதைக்குப் புற்றுநோய் எலும்புவரை போயிருந்தது. ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

கேட்கக் கூசினார். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு, சுற்றிவளைத்துச் சொல்லி முடித்தார். கோதை சிரித்தாள்.

"வலிக்கறது எப்படியும் வலிக்கத்தான் போகுதுங்க. சும்மா வீணாப் போறதுக்கு, உங்க இஞ்சினுக்காச்சும் ஆகட்டும்."

முதுகுத்தண்டை ஒட்டி ஒரு பட்டையைக் கட்டிவிட்டார்கள். நரம்பின் ஓட்டத்தை அது இரவும் பகலும் பதியும், சொல்கிற எண்ணைக் கேட்க அதிலேயே ஒரு சின்ன மைக்கும் உண்டு. மணிக்கொரு தடவை ஒரு நர்ஸ் வந்து எத்தனை என்று கேட்க வேண்டும் என்பது லில்லியின் ஏற்பாடு. மருதாசலம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவளை வேற்று ஆள் வந்து மணிக்கொரு தடவை பார்ப்பதா? அவளுக்கும் பிடிக்காது. "நானே கேட்டுச் சொல்றேனுங்க, என்ற கிட்டச் சொல்றதத்தான் அவளும் கூச்சமில்லாமச் சொல்லுவா" என்றுவிட்டார். புருஷனைவிட வேறு யாரிடம் உண்மை சொல்லப்போகிறாள் என்று லில்லிக்கும் தோன்றியது.

காலையில் பட்டறைக்குக் கிளம்பும் முன்னால் கட்டிலருகே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்.

"எத்தனை, கோதை?"

"மூணு போட்டுக்குங்க."

மாலையில் வந்து கேட்பார். அப்போதும் மூணு. என்றைக்காவது நாலு. அதற்கு மேல் அவள் போனதே இல்லை. அவள் தானாகவும் எண்ணைச் சொல்லலாம், பட்டை பதிந்துகொள்ளும். ஆனால் கேட்காமல் தன் நோவைச் சொல்லும் வழக்கம் கோதைக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

ஆறு மாதம் போல அப்படிப் போயிற்று. மருதாசலம் பட்டறையே கதியென்று கிடந்தார், ராத்திரி வெகு நேரம் கழித்து வந்து கூடத்தில் படுப்பார். சீக்கிரம் முடிக்க வேண்டும், அவள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னார். அது பொய்யில்லை. ஆனால் அவள் உருகிப்போவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கத் தெம்பில்லை என்பதும் உண்மை, அதை யாரிடமும் சொல்லவில்லை. இஞ்சின் முடிவதற்கு முன்னால் கோதை போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எழவுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். நோகாமப் போயிட்டா, புண்ணியவதி. மருதாசலம் அதைப் பிடித்துக்கொண்டார். வேறு எதுவும் அவர் கையில் மிச்சமில்லை. ராத்திரி தூக்கம் வராதபோது, மூணுதான், மூணுக்கு மேல் அவள் அனுபவிக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அதைச் சொன்னால் தூக்கம் வரும்.

இஞ்சின் பிரமாதமாக வந்தது. கோதையின் நரம்பிலிருந்து கற்றுக்கொண்டது எண்களாகப் பலகையில் தெரியும். வலி ஆறைத் தாண்டினால் இஞ்சினே டர்போவின் வழியைத் திறந்து, மிஞ்சிய காற்றை வெளியே விட்டுவிட வேண்டும். நாலு பார் கொடுத்தார்கள், பலகை இரண்டு என்றது. ஆறு பார் கொடுத்தார்கள், மூன்று என்றது. ஏழுக்கும் மூன்று. பட்டறை ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். "கோதையக்காளாட்டவே பொறுமைங்க இது" என்று ஒருவர் சொன்னபோது மருதாசலம் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊர் மெச்சியது. இரண்டு வண்டிகளில் இஞ்சினை ஏற்றி மலைக்கு அனுப்பியும் ஆயிற்று.

மூன்றாவது இஞ்சினைச் சோதனை அறையில் வைத்து எட்டு பாருக்கு ஏற்றினார்கள். தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மருதாசலமும் லில்லியும் நின்றார்கள். எக்ஸாஸ்ட் குழாய் சிவந்து, பிறகு வெளுத்து ஜொலித்தது. பலகை மூன்று என்றது. அப்புறம் நாலு என்றது. அடுத்த நொடி பிளாக் நீளவாக்கில் பிளந்தது. ஒரு ராடு கண்ணாடியில் மோதி, அதில் சிலந்தி வலைபோல் விரிசலை உண்டாக்கிவிட்டுக் கீழே விழுந்தது. யாருக்கும் அடியில்லை. புகை அடங்கிய பிறகும் பலகையில் நாலு என்றே இருந்தது.

லில்லி இரண்டு நாள் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் மருதாசலத்தின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"சார், நரம்பு கத்திருக்கு. பிளாக் பிளக்கறதுக்கு ரொம்ப முன்னாலயே கத்திருக்கு. ஆனா அந்தக் கத்தலுக்கு மூணுன்னு பேரு வெச்சிருக்கு."

"அதெப்படி வெக்கும்?"

"அப்படித்தான் படிச்சிருக்கு சார். நாம குடுத்த பாடம் அது."

மருதாசலத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. "கோதை பொய் சொல்ல மாட்டா. வார்ப்புல கோளாறு இருக்கும், போய் அதப் பாருங்க."

"மலையில ரெண்டு வண்டி ஓடுது சார். நிறுத்தச் சொல்லணும்."

"வார்ப்புல கோளாறுன்னு சொல்றேன்ல."

அவருக்குத் தெரியாமலில்லை. நல்ல வார்ப்பு எது, கெட்ட வார்ப்பு எது என்று தட்டிப்பார்த்தே சொல்கிற ஆள். ஆனால் இஞ்சின் பொய் சொல்கிறது என்று ஒத்துக்கொண்டால், கோதையின் மூணும் பொய். மூணு பொய்யென்றால் அவள் எத்தனையில் செத்தாள்? அவர் மலைக்குப் போன் போடவில்லை. வண்டிகள் ஓடிக்கொண்டேயிருந்தன.

திருப்பூரில் வாத்தியாராக இருக்கிற மகள் தாரிகா அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். லில்லி அவளிடம் எல்லாவற்றையும் போனில் சொல்லியிருந்தாள். அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்ப்பா, வண்டிய நிறுத்தச் சொல்லிட்டீங்ளா?"

அவர் ரசஞ்சோற்றைப் பிசைந்தார்.

"அம்மா பல்லக் கடிச்சிட்டுக் கெடந்ததை லீவுக்கு வந்தப்ப நான் பாத்துருக்கறனுங்க. தலகாணியக் கடிச்சுக் கிழிச்சு வெச்சிருந்தாங்க. அதை நாந்தான் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கி வெச்சேன்."

"என்ற கிட்ட ஏன் சொல்லுல?"

"சொல்ல வேண்டாம்னாங்க. அப்பா வேலை கெட்டுரும்னாங்க." தாரிகா கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த வண்டிக்குள்ள இப்ப வேற யாரோட அம்மாவோ படுத்துட்டு இருப்பாங்க. இஞ்சின் மூணு மூணுன்னு சொல்லிட்டே கணவாய்ல வெடிச்சா, அவியளுக்கு யாருங்ப்பா பதில் சொல்றது?"

மருதாசலம் பிசைந்த சோற்றை உண்ணவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து மலைக்குப் போன் போட்டார். இரண்டு வண்டியையும் நின்ற இடத்தில் நிறுத்துங்கள், பழைய வண்டிகளை எடுங்கள் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "இஞ்சினுக்கு வலி தெரியறதில்லைங்க" என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டு, இத்தனை மாதம் கழித்து முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதார். தாரிகா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை லில்லி அப்பாவையும் மகளையும் பட்டறைக்குக் கூப்பிட்டாள். பாடத்தைத் திருத்த வேண்டுமென்றால் பதிவைத் திரும்பவும் முழுசாகப் பார்க்க வேண்டும். கோடு கோடாகத் திரையில் காட்டினால் மருதாசலத்துக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் இஞ்சின் சத்தத்தை வைத்து எந்த வால்வு தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற காது அவருடையது. அதனால் லில்லி நரம்பின் ஓட்டத்தை ஒலியாக மாற்றி வைத்திருந்தாள். அதோடு மைக்கில் பதிந்த வீட்டுச் சத்தமும் சேர்ந்து வரும்.

"கேக்கக் கஷ்டமா இருக்கும் சார். வேண்டாம்னா சொல்லிருங்க."

"போடுங்க."

ஸ்பீக்கரிலிருந்து ஒரு கீச்சொலி வந்தது. கிரீஸே காணாத பேரிங் சுற்றுகிற சத்தம். இப்படி ஒரு சத்தம் எந்த இஞ்சினில் வந்தாலும் மருதாசலம் ஓடிப்போய் சுவிட்சை அணைத்திருப்பார். கூடவே மின்விசிறி ஓடுகிறது, தெருவில் காய்கறி வண்டிக்காரர் குரல் கொடுத்துப் போகிறார், பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. நடுநடுவே கோதையின் மூச்சு. கீச்சொலி நிற்கவேயில்லை. மருதாசலம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மூணு என்று அவள் சொன்னதெல்லாம் இதுவா? அவளை உலுக்கிக் கேட்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. என்னிடம் போய் ஏன் பொய் சொன்னாய்?

"இப்ப சாயந்திரம் வருது" என்றாள் லில்லி. அவள் குரல் சரியாக இல்லை. "இதைக் கவனமா கேளுங்க."

கேட் திறக்கிற சத்தம். செருப்பு கழற்றுகிற சத்தம். மருதாசலத்துக்குத் தன் நடையே ஸ்பீக்கரில் கேட்டது. கீச்சொலி கொஞ்சம் இறங்கியது. நாற்காலியை இழுக்கிற சத்தம். இன்னும் இறங்கியது. அவர் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே, நன்றாகப் பராமரித்த இஞ்சின் சும்மா நின்று ஓடுகிற மாதிரி மெல்லிய ரீங்காரமாக அடங்கிவிட்டது.

"எத்தனை, கோதை?"

"மூணு போட்டுக்குங்க."

மருதாசலம் நிமிர்ந்தார். அவர் காது ஏமாறாது. அந்த ரீங்காரம் மூன்றுதான்.

அப்புறம் அவருடைய குரல் இரண்டு வார்த்தை பேசியது. போல்ட்டு வந்திருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றது. நாற்காலி நகர்ந்தது. வாசலில் வண்டி ஸ்டார்ட் ஆகித் தெருமுனை தாண்டிப் போயிற்று. ரீங்காரம் மெல்ல ஏறிக்கொண்டே போய்ப் பழையபடி கீச்சொலியாயிற்று.

லில்லி ஒலியை நிறுத்தினாள்.

"எல்லா நாளும் இப்படித்தான் இருக்கு சார். அம்மா பொய் சொல்லலை. நீங்க பக்கத்துல இருக்கறப்ப நிஜமாவே மூணுதான். ஒருத்தர் கையைப் பிடிச்சா நரம்பு அடங்கறது புதுசில்லை. ஆனா இந்த அளவுக்கு நான் பாத்ததில்லை." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "தப்பு என் மேல. ஒரு எண் வந்தா, அடுத்த எண் வர்ற வரைக்கும் அதையே வெச்சுக்கிடும்படி எழுதிட்டேன். மணிக்கொரு தடவை கேக்கறதா நெனச்சு எழுதினது. நீங்க காலையில கேட்ட மூணைச் சாயந்திரம் வரைக்கும் அது நீட்டிக்கிடுச்சு. நாளைக்கு ரெண்டு எண்தான் வருதேன்னு நான் அப்பவே கேட்டிருக்கணும்."

தாரிகா சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். "அப்பா வந்தாச் சரியாப் போயிரும்னு சொல்லிட்டே இருப்பாங்க. சும்மா என்னைச் சமாதானப்படுத்தறாங்கன்னு நெனச்சேன்."

அவள் பொய் சொல்லியிருந்தால் மருதாசலம் தாங்கியிருப்பார். கோபித்துக்கொண்டாவது, படத்தின் முன் நின்று நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருப்பார். இதற்கு என்ன செய்வது? மருந்தெல்லாம் கைவிட்ட வலிக்கு அவர் மட்டும் மருந்தாக இருந்திருக்கிறார். அவருக்கு அது தெரியவில்லை. அதிகாலையில் கொஞ்சம், அந்தியில் கொஞ்சம் கொடுத்துவிட்டு, மிச்சத்தையெல்லாம் இரும்புக்குக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்.

"இன்னொரு நாளுதைப் போடுங்க" என்றார்.

அந்த நாளில் உச்சி வெயில் நேரத்தில், கீச்சொலிக்கு நடுவே கோதையின் குரல் கேட்டது. யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "இன்னேரம் கெளம்பியிருப்பாரு. வந்து கேப்பாரு." அன்று அவர் விளக்கு வைத்து வெகு நேரம் கழித்துத்தான் போயிருந்தார்.

அவர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்ததில் லில்லி பயந்துவிட்டாள். "நீங்க இனி கேக்க வேண்டாம் சார். மெஷினே ஊகிச்சு எண் போட்டுக்கிடும்படி செய்யலாம்."

"ஊகிச்சுப் போட்டா மறுக்கா தப்பாகுமுங்க. மலையில வண்டி நிக்குது." அவர் நாற்காலியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மணிக்கொரு தடவை ஒருத்தர் கேட்டுத்தான் போடோணும்னு நீங்கதான சொன்னீங்க. நான் இருந்து போடறேன்."

"வேகமா ஓட விட்டா சத்தம் மாறிரும் சார். எவ்வளவு நேரம் பதிஞ்சிருக்கோ அவ்வளவு நேரம் உக்காரணும். மாசக்கணக்குல ஆகும்."

"ஆகட்டுமுங்க."

அன்றிலிருந்து மருதாசலம் அந்த அறையைவிட்டு அதிகம் வெளியே வருவதில்லை. கேட்பார், கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார், எண்ணைப் போடுவார். எட்டு. ஒன்பது. ஒன்பது. தன்னுடைய செருப்புச் சத்தம் வருகிற இடத்தில் மூணு. போட்டு முடித்த பாடங்களை லில்லி அவ்வப்போது இஞ்சினுக்கு ஏற்றினாள். புதிதாக வார்த்த பிளாக் ஏழு பாரிலேயே வலிக்கிறது என்று சொல்லி, தானே காற்றை வெளியே விட்டது. பட்டறையில் எல்லோரும் கை தட்டினார்கள். சத்தம் கேட்டும் அவர் எழுந்து வந்து பார்க்கவில்லை.

விடுமுறை விட்டதும் தாரிகா வந்துவிட்டாள். ஒரு நாள் தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். வெளியே கண்ணைத் திறக்க முடியாத வெயில். அறைக்குள் அவர் ஸ்பீக்கரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். கீச்சொலி கேட்டுக்கொண்டிருந்தது, கூடவே சுவர்க்கோழிச் சத்தம்.

"மணி ஒண்ணாச்சுங்ப்பா. நிறுத்திட்டு வாங்க, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வந்து உக்காருங்க."

மருதாசலம் உதட்டில் விரல் வைத்தார்.

"அவளுக்கு இப்ப நடுராத்திரி கண்ணு" என்றார். "தூங்காமத்தான் கெடக்கறா. விடியட்டும், வர்றேன்."